தொட்டிக்குள் ஓர் ஊர்

கொலுவில் படிகளைவிட எனக்கு என்றும் பிடித்தது அதன் பக்கத்தில் போடும் ‘பார்க்’தான். தாம்பாளத்தில் மணல் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் சில நாளில் வயல் எழுந்துவிடும். கண்ணாடித் துண்டு குளமாகும், மரத்தூள் பாதையாகும். குன்றின்மேல் ஒரு கோயில், முச்சந்தியில் ஒரு போலீஸ்காரர். நவராத்திரி முடிந்ததும் இத்தனையையும் கலைத்துவிடுகிறோமே! புதுச்சேரி போன்ற நெருக்கமான ஊரில் அந்தப் பார்க் ஆண்டு முழுவதும் மொட்டைமாடியில் இருக்க வேண்டும்.

இங்கே வெறும் தரை குறைவு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பழைய பிரெஞ்சு வீடுகள் உயரமான மதிலுக்குள் தோட்டம் வைத்துக்கொண்டன. மேற்கே தமிழர் வீடுகளுக்குத் தெருப்பக்கம் திண்ணை, உள்ளே முற்றம். வைசியாள் வீதியில் அந்த அழகை இன்னும் பார்க்கலாம். அந்த வீதியைப் பழைமை மாறாமல் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. மற்ற பல வீதிகளில் முற்றத்தை மூடி மாடி எழுப்பியாயிற்று. துளசியும் நித்தியகல்யாணியும் தொட்டியோடு மாடியேறிவிட்டன.

அந்தத் தொட்டிக்குள்ளேதான் ஊரைக் கட்டச் சொல்கிறேன். கடைகளில் இதற்கென்று பிளாஸ்டிக் காளானும் தாடிவைத்த குள்ளர் பொம்மையும் விற்கிறார்கள். அவை நமக்கு வேண்டாம். நகரத்துக்கு மேற்கே வில்லியனூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அங்கிருந்து வந்த கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மஞ்சள் சுவர் வீடு, ஓடு வேய்ந்த திண்ணை, வளைவு வாசல்களோடு ஆயி மண்டபம் என்று நம் தெருக்களையே விரலளவில் களிமண்ணில் பிடிக்கலாம். தொட்டியும் மண்தொட்டியாகவே இருக்கட்டும். அதன் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாவதால் சித்திரை வெயிலிலும் வேர் கொதிக்காது.

பொம்மையைவிட இலைதான் முக்கியம். வீடு சின்னதாக இருந்து இலை பெரிதாக இருந்தால் ஊர் என்ற மயக்கமே வராது. டேபிள் ரோஸ், சிவப்புப் பொன்னாங்கண்ணி போன்ற சிற்றிலைச் செடிகளை அடிக்கடி கிள்ளிவிட்டால் புதராக அடர்ந்து மரத்தோப்பாகவே தெரியும். காகிதப்பூவையும் தொட்டியில் குட்டையாக வளர்க்கலாம். அதற்குத் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால்தான் நிறம் கொட்டும். அதன் வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை மலர்களுக்குப் பொருள் சூட்டியபோது இதற்குத் தந்தது ‘பாதுகாப்பு’. மதில்மேல் முள்ளோடு கவிந்து நிற்கும் கொடிக்கு எவ்வளவு பொருத்தம்!

செடிகளைப் பார்த்துப் பழக 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. நீலகிரிச் செடிகளைத் தேடித் தொகுத்த தாவரவியலாளர் பெரோத்தே வளர்த்தெடுத்த இடம் அது. அவர் 1870இல் இதே ஊரில்தான் காலமானார். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். எந்த இலை எந்த அளவு என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

மழைக்கு மட்டும் முன்னேற்பாடு வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியின் அடித்துளையைக் குச்சியால் குத்திச் சரிபார்த்து, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். களிமண் வீடுகளைப் புயல் நாளில் உள்ளே எடுத்துவிடலாம்.