நந்தி மலையடிவாரத்தில் பிரெஞ்சுத் திராட்சை

இந்தியாவில் ஒயின் தொழிலை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமான இருவர், அந்த ருசியை வெளிநாட்டில் கண்டுகொண்டவர்கள். ஒருவர் கன்வல் குரோவர், வியாபார நிமித்தம் பிரான்ஸுக்குப் போய்வந்த தொழிலதிபர். மற்றவர் ராஜீவ் சாமந்த், கலிபோர்னியாவில் படித்து அங்கேயே ஆரக்கிள் நிறுவனத்தில் வேலைபார்த்த பொறியாளர்.

வெளிநாட்டு ஒயின் தமிழ் மண்ணுக்குப் புதியதல்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் குறிப்பிடுகிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆனால் அன்று கப்பலில் வந்தது மது. குரோவரும் சாமந்தும் அதற்கான கொடியையே இங்கு வளர்க்க முனைந்தார்கள்.

பிரான்ஸில் ஒயின் சாப்பாட்டோடு சேர்ந்தது. எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை என்று பார்த்து வாங்குவார்கள். முகர்ந்து, நிதானமாகக் குடிப்பார்கள். ஒரே வகைக் கொடியானாலும் மண்ணும் வெயிலும் மாறினால் மணமும் ருசியும் மாறிவிடும். இதில் ஈடுபாடு கொண்டவர்களுக்கு இந்த வேறுபாடுதான் பெரிய ஈர்ப்பு. குரோவர் பிரான்ஸுக்குப் போய்வந்த காலத்தில் இந்தியக் கடைகளில் கிடைத்ததோ பெரும்பாலும் ‘போர்ட்’ என்ற பெயரில் விற்ற தித்திப்பு மதுதான்.

ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஒயின் நிபுணர் ஜார்ஜ் வெசெல் துணையோடு, குரோவர் பல பிரெஞ்சு வகைகளை இந்தியாவில் பயிரிட்டுப் பார்த்தார். கடைசியில் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, 1988-இல் குரோவர் திராட்சைத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் போர்தோ பகுதியின் புகழ்பெற்ற நிபுணர் மிஷேல் ரோலானும் ஆலோசகராகச் சேர்ந்தார்.

ஏன் நந்தி மலை? திருவண்ணாமலையோடு ஒப்பிட்டால் விளங்கும். நிலநடுக்கோட்டிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய 12 பாகை வடக்கே, நந்தி மலை 13 பாகை வடக்கே. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் திருவண்ணாமலை நகரம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நந்திப் பகுதித் தோட்டங்களோ சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளவை. பழம் முதிரும்போது வெப்பம் கூடினால் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு குறைந்துவிடும். புளிப்பில்லாத சாற்றில் செய்த ஒயின் சப்பென்று இருக்கும். நந்தியின் உயரத்தில் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சி அந்தப் புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது.

ஐரோப்பாவில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கும். இங்கே உறக்கம் கிடையாது. அதனால் தக்காணத்து விவசாயிகள் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் செய்வது கிளைகளை வளர்க்க. மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபரில் செய்வது காய்க்க வைக்க. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் நடக்கும் அறுவடை, இங்கே பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. பழத்தை நசுக்கி நொதிக்கவிட்டால், ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். தோலோடு நொதித்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை.

சாமந்த் 1990-களில் நாடு திரும்பி, நாசிக் அருகே இருந்த குடும்ப நிலத்தில் வேறு சில பயிர்களையும் முயன்ற பிறகு ஒயின் திராட்சைக்கு வந்தார். நாசிக் ஏற்கெனவே சாப்பாட்டுத் திராட்சைக்குப் பேர்போன ஊர். கொடியை அறிந்த கைகள் அங்கே இருந்தன. கலிபோர்னியாவின் ஒயின் வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கி வழிகாட்ட, சோவின்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் ஆகிய வெள்ளை வகைகள் நடப்பட்டன. தாயார் சுலபாவின் பெயரிலிருந்து பிறந்த ‘சுலா’ 2000-இல் விற்பனைக்கு வந்தது. 2001-இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்து வரிச் சலுகை தந்தது. நாசிக்கைச் சுற்றி ஆலைகள் பெருகின. கர்நாடகம் 2007-இல் அதே வழியில் போனது. சுலா 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்தது.

எல்லோரும் ஆலை தொடங்கத் திரும்பிவிடவில்லை. கொல்கத்தாவில் பிறந்து சமையற்கலை படிக்க அமெரிக்கா போன ரஜத் பார், அங்கேயே உணவகங்களின் ஒயின் நிபுணராகப் பெயரெடுத்து, கலிபோர்னியாவில் சொந்தமாக ஒயின் தயாரிப்பிலும் இறங்கினார். லண்டனைச் சேர்ந்த நிறுவனம் வழங்கும் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பட்டத்தை 2016-இல் பெற்ற சோனல் ஹாலண்ட், இந்தியாவில் வாழ்பவர்களில் அதைப் பெற்ற முதல் நபர்.

தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பஞ்சமில்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பந்தலில் படரவிட்டு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அறுவடை செய்யும் இந்தப் பழம் பெரும்பாலும் அப்படியே சாப்பிடத்தான் போகிறது. உயர்தர ஒயினுக்கோ விளைச்சலைக் குறைத்து, சாற்றின் செறிவைக் கூட்ட வேண்டும். எடைக்கு விலை பெறும் விவசாயிக்கு, வாங்க ஓர் ஆலையும் அந்தக் குறைந்த விளைச்சலுக்கு ஈடான விலையும் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும். ருசியை வெளிநாட்டில் கற்றுவரலாம். தொழிலாக நிலைக்க ஏற்ற உயரமும், கவாத்து தெரிந்த விவசாயியும், துணைநிற்கும் அரசுக் கொள்கையும் தேவை. நாசிக்கும் நந்தியும் வென்றது அதனால்தான்.