பகிர்நிலைத் தரவுச் செயலாக்கத்தில் தொடராக்கச் சிக்கல்கள்

1. முன்னுரை

பல கோடிச் சொற்களைக் கொண்ட மொழித் தரவகத்தை ஒரே கணிப்பொறியில் பகுத்தாய்வது அரிதாகும்போது, பணி பல கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. 2009இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற ஸ்பார்க் இத்தகைய பணிக்குரிய மென்பொருளாகும். இதில் தலைமை நிரலில் எழுதப்படும் செயற்கூறுகள் பணிக் கணிப்பொறிகளுக்கு அனுப்பப்படுகின்றன. அவ்வாறு அனுப்புங்கால் எழும் சிக்கல்களையும் அவற்றின் தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. கலைச்சொல்

நிரலின் ஓர் ஆப்ஜெக்ட், நினைவகத்தில் ஒன்றையொன்று சுட்டும் உறுப்புகளால் ஆனது. அதனை ஒற்றைப் பைட்டுத் தொடராக மாற்றுவதே சீரியலைசேஷன். மறுமுனையில் அத்தொடரைக் கொண்டு புதிய படி ஒன்று ஆக்கப்படும். இதனை 'வரிசைப்படுத்தல்' எனப் பெயர்ப்பின் அகரவரிசைப்படுத்தலோடு மயங்கும். 'தொடராக்கம்' அம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. ஆப்ஜெக்டுக்குப் 'பொருள்' என்னும் வழக்கு உண்டெனினும், சொற்பொருளோடு மயங்காதிருக்க இங்குக் கடன்சொல்லே ஆளப்படுகிறது.

3. சிக்கலின் தோற்றம்

உருபனியல் பகுப்பான் ஒன்றைக் கொள்வோம். அது அகராதித் தரவுத்தளத்தோடு திறந்த இணைப்பை வைத்திருக்கிறது. அவ்விணைப்பு அந்தக் கணிப்பொறியின் இயக்க முறைமையோடு பிணைந்தது. பைட்டுகளாக மாற்றி அனுப்பத்தக்கதன்று. எனவே பணியைத் தொடராக்க இயலவில்லை என்னும் பிழையோடு ஸ்பார்க் நின்றுவிடும்.

காரணம் மறைந்திருப்பதும் உண்டு. செயற்கூறு பகுப்பானின் விகுதிப் பட்டியலை மட்டுமே நாடினாலும், பட்டியல் பகுப்பானின் உறுப்பாதலின் பகுப்பான் முழுவதும் உடன் செல்ல முற்படும். இணைப்பும் அதனுள் அடங்கும்.

4. தீர்வுகள்

அ. தேவையான பட்டியலை உள்ளிட மாறி ஒன்றில் எடுத்துக்கொண்டு, செயற்கூறு அதனையே சுட்டுமாறு எழுதலாம். அப்போது பட்டியல் மட்டுமே பயணிக்கும்.

ஆ. இணைப்பை அனுப்பாமல் சென்றவிடத்தில் உருவாக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இணைப்பு திறப்பது பெருஞ்செலவு; ஆதலின் தரவின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருமுறை திறத்தல் நன்று.

இ. பெரிய வேர்ச்சொல் அகராதியைப் பரப்பு மாறியாக அறிவித்தால், பணிதோறும் அனுப்பப்படாமல் கணிப்பொறிகளில் ஒருமுறை சேர்ந்து அங்கேயே தங்கும்.

ஜாவா மொழியில் ஓர் உறுப்பை 'டிரான்சியன்ட்' எனக் குறித்து விலக்குவதும் உண்டு. ஆயின் மறுமுனையில் அவ்வுறுப்பு வெறுமையாகவே இருக்கும்; அதனை அங்கு மீள உருவாக்கும் வழி செய்யாவிடின், பிழை இடம் மாறுமேயன்றி நீங்காது.

5. அறிவிப்பில்லாப் பிழை

நிரலை நிறுத்தும் பிழையினும் நிறுத்தாத பிழை ஆய்வுக்குக் கேடானது. தலைமை நிரலில் ஓர் எண்ணி மாறியை வைத்து, ஒரு விகுதி வரும்தோறும் செயற்கூறு அதனைக் கூட்டுவதாகக் கொள்வோம். கூட்டப்படுவது தொலைவிலுள்ள படியே; மூல மாறி சுழியாகவே எஞ்சும். ஒரே கணிப்பொறியில் சோதிக்கும்போது சில வேளை சரியான எண்ணே கிடைக்கக்கூடுமாதலின் இப்பிழை எளிதில் புலப்படாது. அவ்விகுதி தரவகத்தில் இல்லையென ஆய்வாளர் பிழைபட முடிவு செய்யவும் கூடும். ஸ்பார்க் இதற்கெனத் தந்துள்ள திரட்டு மாறியைப் பயன்படுத்துவதோ, எண்ணிக்கையைச் செயலாக்கத்தின் விளைவாகவே பெறுவதோ முறையாகும்.

6. முடிவுரை

தொடராக்கம் ஆப்ஜெக்டின் மதிப்புகளைப் படியெடுக்கும். அது தன் கணிப்பொறியோடு கொண்ட உறவைப் படியெடுக்காது. ஆகவே அனுப்பவேண்டியவை எவை, சென்றவிடத்தில் உருவாக்கவேண்டியவை எவை, திரும்பப் பெறவேண்டியவை எவை என நிரல் எழுதுமுன்னரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.