வாங்கிய வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

"தம்பி, நீங்கதானே அந்த வீட்டுக்கு விளம்பரம் சொன்னீங்க?"

காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் வந்த அழைப்பு அது. மறுமுனையில் நம் நேயர்களில் ஒருவரான ஓர் அக்கா. அவர் கோபப்படவே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அவர் வாங்கியது ஒரு தரை வீடு. கணவரின் சேமநிதிப் பணத்திலிருந்து 10 விழுக்காடு கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மீதிக்கு வங்கிக் கடன். சுவர் எழும்பியது, கூரை வரவில்லை. எட்டு மாதமாக அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறதாம். ஒரு பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, மறுபக்கம் கட்டாத வீட்டுக்கு வட்டி.

"அடுத்த மாசத்துலேருந்து பேங்குக்குக் கட்டப் போறதில்ல தம்பி. வீடே வேணாம்னு சொல்லிட்டாப் போச்சு, இல்ல?"

"பொறுங்கக்கா, கேட்டுச் சொல்றேன்" என்றேன். வேறென்ன சொல்ல? வீட்டு ஒப்பந்தம் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் முப்பது விநாடி விளம்பர வாசகம்தான்.

வழக்கறிஞராக இருக்கும் பள்ளித் தோழனை அழைத்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "பேங்குக்குக் கட்டுறத நிறுத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"நிறுத்த வேணாம்னு சொல்லு. மத்ததை அப்புறம் பேசலாம்."

நம்மில் பலர் தவறுவது இங்கேதான். வீடு வாங்கும்போது நாம் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறோம். ஒன்று மேம்பாட்டு நிறுவனத்தோடு, மற்றொன்று வங்கியோடு. வீடு நின்றுபோனதற்காக வங்கிக் கடன் நின்றுபோவதில்லை. தவணையை நாமாக நிறுத்தினால் சிசிரிஸ் பதிவு கெடும், வங்கி வழக்குத் தொடுக்கலாம், திவால் நடவடிக்கை வரைக்கும் போகலாம். தவறு செய்தது மேம்பாட்டு நிறுவனம், தண்டனை நமக்கு.

8ஏ என்றொரு பிரிவு

ஆனால் சட்டப்படி ஒரு வழி உண்டு. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் 8ஏ பிரிவு அது. இப்போதுள்ள வடிவில் 2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

முதலாவது, உரிமம் பெற்ற மேம்பாட்டு நிறுவனம் ஒப்பந்தத்துக்குப் பிறகு தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலையைச் செய்ய மறுத்தோ, தாமதித்தோ, நிறுத்தியோ இருக்க வேண்டும். இரண்டாவது, அப்படி நடந்தது உண்மை என்று வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் சான்றளிக்க வேண்டும். மூன்றாவது, கடன் கொடுத்த வங்கி எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். தக்க காரணமின்றி வங்கி சம்மதத்தை மறுக்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்றும் கைக்கு வந்த பிறகே ரத்துக் கடிதம். அதற்குப் பிறகு 30 நாள்களுக்குள் நிறுவனம் தான் பெற்ற பணம் முழுவதையும் வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டும். நாம் வங்கிக்குக் கட்டிய வட்டி இதில் வராது. நிறுவனமே நொடித்துப் போயிருந்தால் உரிமை காகிதத்தில் இருக்கும், பணம் வராது. அதனால்தான் ஆறு மாதம் தாண்டியதும் தூங்கக் கூடாது.

வேலை நடக்கிறது, தாமதம் மட்டும் என்றால்?

அப்போது ரத்தைவிட இழப்பீடுதான் நேர்வழி. தரை வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கமான சட்ட ஒப்பந்தப் படிவம். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில். மூன்று லட்சம் வெள்ளி வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 82 வெள்ளி.

இதற்காக வழக்கறிஞர் வைக்கவே தேவையில்லை. வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். ஒப்பந்தம் ரத்தாகியிருந்தால், ரத்தான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும்.

மனம் மாறினால்?

வீட்டில் பேசிப் பார்த்தோம், வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் நம் சட்டத்தில் இடமில்லை. பக்கத்தில் சிங்கப்பூரில், மேம்பாட்டு நிறுவனத்திடம் பதிவுப் பணம் கட்டியவர் மூன்று வாரத்துக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் விலகினால், அந்தப் பணத்தில் கால்பங்கை இழந்து மீதியைப் பெறலாம். இங்கே கையெழுத்து விழுந்துவிட்டால் விழுந்ததுதான்.

ஒருவரிடமிருந்து காலி நிலம் வாங்குவோருக்கு 8ஏ உதவாது. அங்கே பேசுவது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பொய் சொல்லி விற்றிருந்தால் 19ஆவது பிரிவின்படி ரத்து செய்யலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு: விற்றவர் தவறான தகவல் தந்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்துக்கு வழியில்லாமல் போகலாம். நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தால் உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா, யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்பது தெரியும். முன்பணம் கொடுத்த பிறகல்ல, கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

போன வாரம் அக்கா மறுபடி அழைத்தார். தவணை கட்டிக்கொண்டுதான் வருகிறார். அதே திட்டத்தில் வாங்கிய இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு, தேதியோடு எடுத்த படங்களை இணைத்து, சான்றுக்கு எழுதியிருக்கிறார்கள். வங்கிக்கும் கடிதம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

என் பங்குக்கு, இப்போதெல்லாம் வீட்டு விளம்பரம் வந்தால் மேம்பாட்டு உரிம எண்ணையும் விளம்பர, விற்பனை அனுமதி எண்ணையும் முதலில் கேட்கிறேன். இரண்டும் இல்லாமல் வீடு விற்கவே கூடாது என்பது சட்டம். சென்ற மாதம் ஒரு விளம்பரத்துக்கு எண் கேட்டேன்.

"அடுத்த வாரம் தர்றோம்" என்றார்கள். அந்த வாசகம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.