சிங்கப்பூரில் படகேறப் போகிறீர்களா? ஆறா, கடலா என்று முதலில் கேளுங்கள்

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுற்றுகின்றன. காலையில் ஜொகூர் பாலம். அப்புறம் லிட்டில் இந்தியாவில் பசியாறல், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா. மாலையானால் பிள்ளைகள் “தண்ணி துப்புற சிங்கத்தப் பாக்கணும்” என்று கையைப் பிடித்து இழுக்கும். அப்போதுதான் படகு நினைவுக்கு வரும். கைப்பேசியில் தேடினால் ‘குரூஸ்’ என்ற பெயரில் பத்துப் பதினைந்து வந்து நிற்கும். எல்லாப் படத்திலும் அதே மூன்று கோபுர ஹோட்டல், அதே விளக்கு வெளிச்சம். எது மலிவோ, எதில் இடமிருக்கிறதோ, அதற்குப் பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் கட்டினேன். அம்மா, தங்கை, அவள் பிள்ளைகள் இருவர், நான் என்று ஐந்து பேர். ஆற்றுப் படகு என்று நினைத்து எடுத்த டிக்கெட், துறைமுகத்தைச் சுற்றிவரும் கடல் படகுடையது என்பது படகுத்துறையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. பணம் திரும்பாது என்றார்கள். ஏறினோம். அரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைசுற்றல், வாந்தி. பிள்ளைகள் சரக்குக் கப்பல்களை எண்ணி அலுத்துப்போய், “மாமா, சிங்கம் எப்ப வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிங்கம் வரவேயில்லை. வரவும் முடியாது.

ஏன் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால் படகைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. சிங்கப்பூர் ஆறு இப்போது கடலோடு கலப்பதில்லை. மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் அகலத்துக்கு மரினா அணைக்கட்டைக் கட்டி, 2008-இல் திறந்தார்கள். அதற்கு உள்ளே இருக்கும் ஆறும் மரினா விரிகுடாவும் இன்று குடிநீர் தரும் நீர்த்தேக்கம். மெர்லயன் சிலையும் மூன்று கோபுர மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலும் அதன் கரையில் நிற்கின்றன. உள்ளே ஓடும் படகு கடலுக்குப் போகாது. கடலில் ஓடும் படகு உள்ளே வராது. ஆகவே டிக்கெட் எடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. அணைக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் அலை இல்லை, ஆட்டம் இல்லை. வெளியே என்றால் அலையும் உண்டு, காற்றும் உண்டு, பெரிய கப்பல் கடந்துபோனால் குலுக்கலும் உண்டு.

முதன்முறை போகிறவர்களுக்கும், வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போகிறவர்களுக்கும் நான் சொல்வது ஆற்றில் ஓடும் பம்போட். கிளார்க் கீ பக்கம் ஏறினால் ஏறத்தாழ 40 நிமிடம். போட் கீ வழியாகப் பாலங்களுக்கு அடியில் போய், மெர்லயனுக்கு முன்னால் திரும்பி, மரினா பே சேண்ட்ஸைக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்கள். மின்சாரத்தில் ஓடுவதால் டீசல் புகை கிடையாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 25 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். நம் பணத்துக்கு மூன்றால் பெருக்கி, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சிங்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் படகே தேவையில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும், காசே இல்லை.

பிறகு எதற்குப் படகு? அந்த ஆற்றில் நம் ஆட்களின் கதை கொஞ்சம் கிடக்கிறது, அதற்காக. இந்தப் பம்போட்டுகள் ஒரு காலத்தில் சரக்குத் தொங்கான்கள். கப்பலிலிருந்து அரிசியை இறக்கிக் கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவந்ததும், மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி வெட்டிய ரப்பரைக் கப்பலுக்குக் கொண்டுபோனதும் இவைதான். ஆரம்ப காலத்தில் இந்த ஆற்றில் தொங்கான் தள்ளியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியாக்கள். சீனர்கள் அந்தத் தொழிலுக்கு வந்தது பிறகுதான். போட் கீயை ஒட்டி இன்றும் சூலியா ஸ்திரீட் இருக்கிறது. அதற்குப் பின்னால் மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இப்போது அங்கே வங்கிக் கோபுரங்கள். பினாங்கிலிருந்து 1819-இல் ராஃபிள்ஸோடு வந்து, பின்னால் மாரியம்மன் கோயிலைத் தொடங்கிய நாராயண பிள்ளை கரையேறியதும் இந்த ஆற்றுப் பக்கம்தான். படகின் ஒலிபெருக்கி இதையெல்லாம் விரித்துச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போங்கள்.

கவனா பாலத்தின் கீழே போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 1869-இல் கட்டிய பாலம், மிகத் தாழ்வானது. அந்தக் காலத்தில் கடல் ஏறினால் தொங்கான்கள் அதன் கீழே நுழைய முடியாமல், தண்ணீர் வடியும்வரை காத்துக் கிடக்கும். இன்று அணை இருப்பதால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு பாடுபட்டுத்தான் அந்தச் சாக்கடை ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். சரக்குத் தொங்கான்களை 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சியது சுற்றுலாப் படகு.

இரவில் போவதா, பகலில் போவதா என்று கேட்பவர்களுக்கு: விளக்குகளைப் பார்க்க இரவு. மரினா பே சேண்ட்ஸ் முன்னால் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் ஒளிக்காட்சி நடக்கும். அந்த நேரத்துக்கென்று விடும் படகுகளுக்குக் கட்டணம் கூடுதல். கரையில் உட்கார்ந்தால் அதே காட்சி இலவசம் என்பதையும் மறக்க வேண்டாம். ஜொகூர் பாலத்தில் நெரிசலைத் தாண்டி வருகிறவர்கள் காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யாமல் இருப்பது நல்லது. ஆற்றுப் படகு அடிக்கடி ஓடுகிறது. ஒன்று போனால் அடுத்தது கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ‘டக்’ சவாரி. வியட்நாம் போர்க் காலத்து ராணுவ வாகனத்தைச் சீரமைத்து, சாலையிலும் தண்ணீரிலும் ஓட்டுகிறார்கள். சன்டெக் சிட்டியில் ஏறினால் நகரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, அப்படியே நீர்த்தேக்கத்தில் பாயும். அந்த ஒரு நொடிக்குத்தான் காசு. ஆற்றுப் படகைவிட விலை கூட. ஏறும் இடம் உயரம் என்பதால் முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது. சிங்கம் தெரியும், ஆனால் போட் கீயும் பழைய பாலங்களும் கிடைக்காது.

இரவு விருந்துப் படகுகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாண நாள், பிறந்தநாள் என்றால் போகலாம். அணைக்கு வெளியே கடலில் போகும். சைவச் சாப்பாடு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புரட்டாசி மாதத்தில் போய் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கையில் காசு குறைவு, ஆனால் படகில் போன மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் சாங்கி பாயிண்டுக்குப் போங்கள். அங்கிருந்து உபின் தீவுக்கு மரப்படகு. ஆளுக்கு 4 வெள்ளி. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடும்; முன்பதிவு கிடையாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கம்பத்து வீடுகள், வாடகைச் சைக்கிள், செக் ஜாவா சதுப்புநிலம். காலையில் நாம் கடந்து வந்த ஜொகூர் பாலத்துக்குக் கருங்கல் வெட்டிய இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. ஆனால் படகு ஆடிக்கொண்டிருக்கும்போதே காலை எடுத்து வைத்து இறங்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலிக்கு வழியில்லை. இன்னொன்று, அதே படகுத்துறையிலிருந்துதான் ஜொகூர் பெங்கராங்குக்கும் படகு போகிறது. வரிசை மாறி நிற்காதீர்கள்.

இனி, அம்மாவின் கதைக்கு வருகிறேன். அந்தத் துறைமுகப் படகில் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், ஒலிபெருக்கியில் “செயிண்ட் ஜான்ஸ்” என்ற சொல் வந்ததும் நிமிர்ந்தார். “இங்கதான்டா எங்க அப்பாவ எறக்கி வெச்சிருந்தாங்க” என்றார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, சிங்கப்பூர் வழியாகக் குளுவாங் தோட்டத்துக்கு வந்தவர். கப்பலில் தொற்றுநோய் என்றால் மேல்தட்டுப் பயணிகளை நகருக்குள் விடாமல் இந்தத் தீவில்தான் இறக்குவார்கள். 1874 முதலே அங்கே தொற்றுத்தடுப்பு முகாம் இருந்தது. தாத்தாவைப் போல எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களின் மூத்தவர்கள் இந்த நாட்டு மண்ணில் முதலில் காலை வைத்தது அங்கேதான். பிறகு அதே தீவு அரசியல் கைதிகளின் சிறையும் ஆனது. மலாக்காவில் தோட்டக் கிராணியின் மகனாகப் பிறந்து, சிங்கப்பூரின் 3-ஆவது அதிபரான தேவன் நாயரும் 1951-இல் அங்கே அடைக்கப்பட்டவர்.

நாங்கள் ஏறியிருந்த படகு தீவில் நிற்காது. ஓரமாகப் போய்த் திரும்பிவிட்டது. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை அவரை அங்கேயே கூட்டிப்போனேன். மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. தெற்குத் தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரிக்குப் போக வர 15 வெள்ளி அளவில் ஆகும். செயிண்ட் ஜான்ஸுக்குச் சுமார் அரை மணி நேரம். அங்கிருந்து லாசரஸ் தீவுக்கு நடந்தே போகலாம். பெரும்பாலும் அதே பயணத்தில் குசு தீவும் சேரும். அங்கே சீனர் கோயிலும், குன்றின் மேல் மலாய் கிராமாட்டும் உண்டு. சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் குசுவில் கூட்டம் நெரியும், அப்போது தவிர்த்துவிடுங்கள். இவை உல்லாசப் படகு இல்லை, போக்குவரத்துப் படகு. விளக்கம் சொல்ல ஆளில்லை. ஆனால் இறங்கி நடக்கலாம், அதுதான் இதில் பெரிது.

அம்மாவுக்கு ஏறுவதற்கு அரை மணி முன்பே வாந்தி மாத்திரை கொடுத்தேன். கீழ்த்தட்டில், பின்பக்கமாக, நடுவில் உட்கார வைத்தேன். ஆட்டம் அங்கேதான் குறைவு. வெறும் வயிற்றோடு கூட்டிப்போகவில்லை, முட்ட முட்டச் சாப்பிட வைக்கவும் இல்லை. இந்த முறை வாந்தி இல்லை. தீவில் கடையை நம்ப முடியாது என்பதால் தண்ணீரும் எலுமிச்சைச் சோறும் கையோடு. ஒரு குடையும்.

படகுத்துறையில் இறங்கியதும் அம்மா ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்தார். சிமென்டு பாதை, வெயில் சுட்டது. “போட்டுக்கம்மா” என்றேன். “இரு” என்றார்.

அவரை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் போய் அறிவிப்புப் பலகையில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்துவந்தேன். நீங்களும் இறங்கிய உடனே பாருங்கள். வார நாளில் படகுகள் குறைவு, சனி ஞாயிறு கொஞ்சம் கூடுதல். அதைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்கும் டாக்சி என்று எதுவும் அங்கே கிடையாது.