கர்ப்பிணிகளைக் காத்த கறுப்புக் களிம்பு

பம்பாய், 1928-ம் ஆண்டு.

பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கர்ப்ப காலத்தில் வெளுத்துப் போனார்கள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. சிலர் பிரசவத்தோடு இறந்தும் போனார்கள்.

காரணம் என்ன? கண்டுபிடிக்க இங்கிலாந்தில் இருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ்.

அந்தப் பெண்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் விசாரித்தார். காய்கறியும் பழமும் அவர்களுக்கு எட்டாத பொருள். வசதியான வீட்டுப் பெண்களுக்கோ இந்த நோய் அதிகம் வரவில்லை!

நமது குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் கூட அவர் சில காலம் பணி புரிந்தார்.

எலியும் குரங்கும்

ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை பிடித்தது. தீனியில் ஈஸ்டு சேர்த்தபோது, சோகை வரவில்லை. எலிகளின் உடம்பில் இருந்த பேன் கணக்கைக் கொஞ்சம் குழப்பியது. ஆகவே பிறகு குரங்குகளை வைத்தும் சோதித்தார்.

கர்ப்பிணிகளுக்கு அவர் கொடுத்தது "மார்மைட்". வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்புக் களிம்பு அது. பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்டில் செய்வது. ருசி எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் பெண்கள் தேறினார்கள்! 1931-ல் இதை அவர் உலகுக்கு அறிவித்தார்.

களிம்பில் இருந்த சத்து எது? 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து, அதைப் பிரித்து எடுத்தார்கள். அதுதான் போலிக் அமிலம்.

இரும்பும் வேண்டும்

ரத்தத்தின் சிவப்பு அணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். உடம்பு புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் மட்டும் போதாது. இரும்புச் சத்தும் வேண்டும். நம் நாட்டில் பலருக்கும் பற்றாக்குறை இந்த இரும்பில்தான்.

மாதவிலக்கில் ரத்தம் போகிறது. வயிற்றுப் பிள்ளை தாயிடம் இருந்தே இரும்பை எடுத்துக்கொள்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால், கொக்கிப் புழு பாதத்தின் வழியாக உள்ளே நுழைகிறது. பிறகு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் இரும்பு சேராமல் தடுக்கும். எலுமிச்சம்பழமும் நெல்லிக்காயும் இதற்கு நேர்மாறு.

100-க்கு 53

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை. இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கலந்த மாத்திரை இலவசம்!

வாங்குகிறார்கள். எல்லோரும் விழுங்குவது இல்லை. சிலருக்கு வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் அது குறையும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. அது உடம்பில் சேராமல் மிஞ்சிய இரும்பின் நிறம். "பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்று தடுக்கும் மாமியார்களும் இருக்கிறார்கள். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.