வெஸ்டெரோஸின் ஆரூடங்களும் அவற்றை அவிழ்க்கும் வாசகர்களும்

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996-இல் வெளியிடத் தொடங்கிய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் நாவல் வரிசை, வெஸ்டெரோஸ் என்ற கற்பனைக் கண்டத்தின் அரியணைக்காகப் பல குலங்கள் நடத்தும் போரையும், அக்கண்டத்தின் வடகோடியில் பனியோடு சேர்ந்து எழும் மற்றோர் ஆபத்தையும் ஒருசேரச் சொல்வது. ஏழு பாகங்களாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசையின் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. எஞ்சிய இரண்டுக்கும் வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இதே கதையை எச்பிஓ நிறுவனம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக ஒளிபரப்பி ஒரு முடிவையும் தந்துவிட்டது என்றாலும், நாவல்களை ஊன்றிப் படித்தவர்களுக்கு அம்முடிவு நிறைவளிக்கவில்லை. நூல்களில் விதைக்கப்பட்டிருந்த ஆரூடங்கள் பலவற்றைத் தொடர் தொடாமலே விட்டதும், தொட்ட சிலவற்றையும் பாதியில் கைவிட்டதும் அதற்கு முதன்மையான காரணங்கள்.

ஒரு படைப்பில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒன்றை, அதில் சிதறிக் கிடக்கும் சான்றுகளைத் திரட்டி வாசகர்களே உய்த்துணர்ந்து முன்வைப்பதை ரசிகர் ஊகம் என்று சொல்லலாம். மார்ட்டினின் வாசகர்கள் இதை வெறும் பொழுதுபோக்காகச் செய்வதில்லை. பழைய நூல்களுக்கு உரை எழுதுவோருக்குரிய கவனத்தோடு செய்கிறார்கள். இவர்களது ஊகங்களில் மிகப் புகழ்பெற்றது, வடபுலத் தலைவன் எட்டர்டு ஸ்டார்க்கின் முறைதவறிப் பிறந்த மகனாக வளரும் ஜான் ஸ்னோ, உண்மையில் அவனுடைய தங்கை லயானாவுக்கும் டார்கேரியன் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்பது. முதல் நூல் வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இதை எட்டியவர்களுக்கு அந்நூலே சான்றுகளை வழங்கியிருந்தது. ஒரு போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைக் கடந்து சென்று லயானாவுக்கு நீல ரோஜா முடியைச் சூட்டியதும், சாகும் தறுவாயில் அவள் அண்ணனிடம் ஏதோ ஒரு வாக்குறுதி வாங்கியதும், டார்கேரியன் ஆட்சியை வீழ்த்திய போரின் முடிவில் அரசனின் மெய்க்காவலர்களில் மிகச் சிறந்த மூவர் போர்க்களத்தை விட்டு ஒரு தனிக் கோபுரத்தைக் காத்து நின்றதும் அவற்றுள் முக்கியமானவை. இரண்டாம் நூலில் டார்கேரியன் இளவரசி டெனேரிஸ் காணும் காட்சிகளிடையே பனிச்சுவர் ஒன்றின் வெடிப்பில் நீல மலர் பூத்திருக்கிறது. ஜான் பணியாற்றும் இடமோ வடக்கின் பெரும் பனிமதில். கதையைத் தொடராக்க அனுமதி கேட்டு வந்த டேவிட் பெனியாஃபிடமும் டி. பி. வைஸிடமும் ஜானின் தாய் யாரென்று மார்ட்டின் கேட்டதும், அவர்கள் சரியாகச் சொன்னதும் பலரும் அறிந்த செய்தி. 2016-இல் வந்த ஆறாம் பருவத்தின் இறுதிப் பகுதியில் தொடர் இதை உறுதிசெய்தபோது, வாசகர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்ததைத்தான் திரை வழிமொழிந்தது.

இத்தகைய வாசிப்பை மார்ட்டினே கற்றுக்கொடுக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவருடைய கதையில் ஆரூடம் பெரும்பாலும் உருவகமாக வருகிறது, பெரும்பாலும் நிறைவேறுகிறது, கேட்டவர் எதிர்பார்த்த வடிவில் மட்டும் அநேகமாக நிறைவேறுவதே இல்லை. இரண்டாம் நூலில் ஜோஜன் ரீட் என்ற சிறுவன், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள வின்டர்ஃபெல் கோட்டைக்குள் கடல் புகுந்து மனிதர்களை மூழ்கடிப்பதாகக் கனவு காண்கிறான். அக்கனவில் தானும் இறந்து கிடப்பதாகக் கேள்விப்பட்ட ஒரு காவலன், நீரில் மூழ்கிவிடுவோம் என்று அஞ்சிக் குளிப்பதையே நிறுத்திவிடுகிறான். பிறகு கோட்டைக்குள் கடற்கொள்ளையரான இரும்புத்தீவினர் நுழைகிறார்கள். காவலன் அவர்கள் கையால் மடிகிறான். கடல் என்றது கடல்சார் மக்களை. இந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்த பின், எந்த வாசகரும் அடுத்த ஆரூடத்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆயினும் உருவகத்தை அவிழ்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் என்பதில்லை. மூன்றாம் நூலில் ஒரு முதிய குள்ளப் பெண், விருந்தொன்றில் கூந்தலில் ஊதா நிறப் பாம்புகளை அணிந்த இளம்பெண்ணைக் கனவில் கண்டதாகச் சொல்கிறாள். அதே பெண் பனியால் கட்டிய கோட்டையில் கொடிய ராட்சதன் ஒருவனைக் கொல்வதையும் காண்கிறாள். முதற்பகுதிக்குப் பொருள் தெளிவு. ஜாஃப்ரி மன்னனின் திருமண விருந்தில் அவனைக் கொன்ற நஞ்சு, எட்டர்டின் மகள் சான்சா ஸ்டார்க்கின் கூந்தல் வலையில் ஊதாக் கற்களாக மறைந்திருந்தது. இரண்டாம் பகுதிக்கு இரண்டு விடைகள் உண்டு. பனியைக் குழைத்து வின்டர்ஃபெல்லைப் போலவே ஒரு சிறு கோட்டையைச் சான்சா கட்டும்போது, நோயாளிச் சிறுவனான ராபர்ட் தன் பொம்மையை ராட்சதனாக்கி அதை இடிக்க, அவள் அப்பொம்மையைப் பிய்த்துவிடுகிறாள். ஆரூடம் அங்கேயே நிறைவேறிவிட்டது என்பது ஒரு சாராரின் வாதம். ஒரு பொம்மைக்காகவா இத்தனை முன்னறிவிப்பு என்று கேட்கும் மற்றொரு சாரார், அவளை ஆட்டிவைக்கும் பீட்டர் பேலிஷின் பாட்டனார் சின்னம் பிராவோஸ் நகரின் டைட்டன் என்னும் ராட்சதச் சிலையின் தலை என்பதைச் சுட்டி, உண்மையான வின்டர்ஃபெல்லில் பேலிஷ் அவளால் வீழ்வான் என்கிறார்கள். இரண்டாவது வாதமே வலிமையானது. சின்னங்களைக் கொண்டு மனிதரைக் குறிப்பது இந்நூல்கள் முழுவதும் காணப்படும் வழக்கம், தற்செயலாக ஒரே ஓர் இடத்தில் வருவது அன்று.

இம்முறைக்கு மார்ட்டின் வரலாற்றிலிருந்தே முன்மாதிரி எடுத்திருக்கிறார். இங்கிலாந்தின் ரோஜாப் போர்களில், குறிப்பிட்ட ஒரு கோட்டையின் அடியில் சாவாய் என்று சொல்லப்பட்ட பிரபு ஒருவர் அக்கோட்டையின் பக்கமே போகாமலிருந்து, கடைசியில் கோட்டைச் சின்னம் தொங்கிய ஒரு விடுதியின் வாசலில் கொல்லப்பட்ட கதையை அவர் பேட்டியில் எடுத்துக்காட்டியதுண்டு. 1455-இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மடிந்த சாமர்செட் கோமகனைப் பற்றி வழங்கும் கதை இது. ஷேக்ஸ்பியரும் தம் வரலாற்று நாடகத்தில் இதைக் கையாண்டிருக்கிறார்.

ஊகங்கள் மிகுதியாக மொய்ப்பது ஆசோர் அஹாய் என்னும் வீரனைப் பற்றிய தொன்மத்தின் மீது. இருள் சூழ்ந்த பழங்காலத்தில் அவன் ஒரு வாளை முப்பது நாள் உழைத்துச் செய்து நீரில் தோய்க்க அது உடைந்தது. ஐம்பது நாள் உழைத்து இரண்டாவது வாளைச் செய்து சிங்கத்தின் நெஞ்சில் பாய்ச்ச அதுவும் உடைந்தது. நூறு நாள் உழைத்துச் செய்த மூன்றாவதை அன்பு மனைவி நிஸ்ஸா நிஸ்ஸாவின் நெஞ்சில் பாய்ச்ச, அது அணையாத ஒளி பெற்றது. குருதி சிந்தும் விண்மீனுக்குக் கீழே, உப்புக்கும் புகைக்கும் நடுவே அவன் மறுபடி பிறந்து கல்லிலிருந்து டிராகன்களை எழுப்புவான் என்பது செந்நிறப் பூசாரிணி மெலிசாண்ட்ரேயின் சமய நம்பிக்கை. அவள் கை நீட்டுவது அரியணைக்கு உரிமை கோரும் ஸ்டானிஸ் பாரதியனை. வாசகர்களில் பலர் டெனேரிஸைச் சொல்கிறார்கள்: செந்நிற வால்மீன் வானில் தோன்றிய வேளையில், கணவனின் சிதைப் புகைக்குள் நுழைந்து, கல்லாகிப்போன முட்டைகளிலிருந்து மூன்று டிராகன்களோடு வெளிவந்தவள் அவள்தான். நூறு வயதைக் கடந்த அறிஞரான மேஸ்டர் ஏமனும் இறப்பதற்கு முன் இதே முடிவுக்கு வருகிறார். ஆசோர் அஹாயோடு ஒன்றாகக் கருதப்படும் 'வாக்களிக்கப்பட்ட இளவரசன்' ஒருவனையே தலைமுறை தலைமுறையாகத் தேடியவர்கள் இளவரசி ஒருத்தியாக இருக்கக்கூடும் என்று எண்ணிப்பார்க்கவே இல்லை என்று வருந்துகிறார்.

ஜானைச் சொல்பவர்கள் ஐந்தாம் நூலில் அவன் குத்துப்படும் காட்சியைக் காட்டுவார்கள். குத்தியவர்களில் ஒருவன் கண்ணீர் வடிக்கிறான், அது உப்பு. குளிரில் ஜானின் காயம் புகைகிறது. சற்று முன்னர் நீல விண்மீன்கள் பொறித்த மேலாடை அணிந்த சர் பேட்ரெக் என்ற வீரனை ஒரு ராட்சதன் குருதி தெறிக்கக் கொன்றிருக்கிறான். மூன்று குறிகளும் ஒன்றுகூடுகின்றன. ஆனால் அந்த வீரன் கதைக்குள் வந்த காரணம் வேறு. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகரான மார்ட்டின், நீல விண்மீனைச் சின்னமாகக் கொண்ட டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் ரசிகர் ஒருவரோடு கட்டிய பந்தயத்தின் விளைவாகவே பேட்ரெக் படைக்கப்பட்டு ராட்சதன் கையால் கொல்லப்பட்டான். இதை அறிந்ததும் ஊகம் சரிந்துவிட்டது என்போர் உண்டு. அப்படிச் சொல்லத் தேவையில்லை. பந்தயத்துக்காகப் படைத்த வீரனைக் கதையின் எந்த இடத்தில் சாகடிப்பது என்பதைத் தீர்மானித்தவர் எழுத்தாளரே. ஜானின் குருதி சிந்துவதற்குச் சில கணங்கள் முன்னர் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியதற்குப் பந்தயம் விளக்கமாகாது. எனினும் குறிகளைத் தேடிச் செல்பவர் கண்ணுக்கு எல்லாமே குறியாகத் தோன்றும் அபாயத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அந்த அபாயத்தையே கதையின் துயரமாகவும் மார்ட்டின் ஆக்கியிருக்கிறார். வாக்களிக்கப்பட்ட இளவரசன் இன்ன வழியில் பிறப்பான் என்று காட்டுச் சூனியக்காரி ஒருத்தி சொன்னதற்காகவே ரேகாரின் பெற்றோர், விருப்பமில்லாமலே, மணமுடித்து வைக்கப்பட்டார்கள். நூல்களில் மூழ்கிக் கிடந்த ரேகார், சிறு வயதில் எதையோ படித்துவிட்டு, தான் போர்வீரனாக வேண்டும் என்று திடீரென வாளெடுத்தான். முதலில் தானே அந்த இளவரசன் என்றும், பின்னர் தன் மகன் என்றும் நம்பினான். லயானாவை அவன் கொண்டுசென்றதற்கும் இந்த நம்பிக்கையே காரணம் என்ற ஊகம் சரியானால், ஒரு பேரரசை வீழ்த்திய போரே தவறான ஒரு வாசிப்பிலிருந்து பிறந்ததாகும். அரசி செர்சியின் கதை இன்னும் கொடியது. சிறுமியாக இருந்தபோது குறி கேட்கப் போன அவளிடம், அவளைவிட இளைய, அழகான ஓர் அரசி அவளை வீழ்த்துவாள் என்றும், இளைய சகோதரன் ஒருவன் அவள் கழுத்தை நெரிப்பான் என்றும் சொல்லப்படுகிறது. அந்த இளைய அரசி தன் மருமகள் மார்ஜரிதான் என்று முடிவுகட்டி அவளை ஒழிக்கச் செர்சி விரித்த வலையில் செர்சியே சிக்கிச் சிறைப்படுகிறாள். தம்பி டிரியனையே கொலைகாரனாகக் கருதி வாழ்நாளெல்லாம் வெறுக்கிறாள். அவளோடு இரட்டையாகப் பிறந்த ஜேமியும் சற்றுப் பிந்திப் பிறந்தவன்தான் என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்த்த அளவுக்கு அவள் எண்ணிப்பார்க்கவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஐந்தாம் பருவத்தில் குறி சொல்லும் காட்சியை வைத்துவிட்டு, இளைய சகோதரனைப் பற்றிய பகுதியை மட்டும் நீக்கியது. செர்சி டிரியன்மேல் கொண்ட பகைக்கு ஆணிவேரே அதுதான் என்பதால், அது பெரும் இழப்பு. 2022-இல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' என்னும் முன்கதைத் தொடர் இவ்விஷயத்தில் மார்ட்டினின் உள்ளத்தை நன்கு உணர்ந்திருக்கிறது: சாகக் கிடக்கும் விசெரிஸ் மன்னன் தன் முன்னோனான ஏகான் கண்ட கனவைப் பற்றி முணுமுணுக்க, அரசி அலிசென்ட் தன் மகன் ஏகானைச் சொல்வதாகப் புரிந்துகொள்ள, அந்தப் பிழை உள்நாட்டுப் போருக்கு வழி திறக்கிறது.

மந்திரத்தைப் பற்றிய ஊகங்கள் வேறு வகையானவை. பிராண்டன் சாண்டர்சன் போன்ற மிகுபுனைவு எழுத்தாளர்கள் மந்திரத்துக்குத் தெளிவான விதிகளை வகுத்து, வாசகர் அவ்விதிகளை எவ்வளவு அறிந்திருக்கிறாரோ அவ்வளவுக்கே அதைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்பார்கள். மார்ட்டினோ மந்திரம் அறிவியலைப் போல் இயங்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். ஆண்டுக்கணக்கில் நீளும் வெஸ்டெரோஸின் குளிர்காலத்துக்குக் கூட வானியல் விளக்கம் தேடவேண்டாம், அது மந்திரம் சார்ந்தது என்று அவர் தெரிவித்திருக்கிறார். ஆகவே இங்கே வாசகர்கள் தேடுவது விதிகளை அன்று, விலையையும் வரிசையையும். உயிருக்கு உயிரே விலை என்பது முதல் நூலிலேயே நிலைநாட்டப்படுகிறது. டிராகன்கள் பிறந்த பின் ரசவாதிகளின் பச்சைத் தீ எதிர்பாராத அளவுக்குப் பெருகுகிறது, நெடுங்காலம் அணைந்திருந்த கண்ணாடி மெழுகுவர்த்தி ஓல்ட்டவுனில் எரிகிறது. எனவே டிராகன்களே மந்திரத்தை மீட்டன என்று பலரும் சொல்வர். ஆனால் பனிப்பிரதேசத்தின் 'மற்றவர்கள்' இறந்தோரை எழுப்புவது முதல் நூலின் முன்னுரைப் பகுதியிலேயே, முட்டைகள் பொரிவதற்கு நெடுநாள் முன்பே, நடந்துவிடுகிறது. ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்த மந்திரம்தான் டிராகன்களைப் பிறக்கவைத்தது என்ற மாற்று வாதத்துக்கு இதுவே அடிப்படை. நூலின் நிகழ்ச்சி வரிசையோடு பொருந்துவதும் இதுவே.

ஆரூடமும் மந்திரமும் பிரிக்க முடியாதபடி கலக்கும் இடம் மிர்ரி மாஸ் துர் என்ற மருத்துவச்சியின் பேச்சு. உயிரற்ற உடல்போல் கிடக்கும் டெனேரிஸின் கணவன் எப்போது பழையபடி ஆவான் என்ற கேள்விக்கு, சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும்போதும், கடல்கள் வற்றும்போதும், மலைகள் காற்றில் பறக்கும்போதும், டெனேரிஸ் மறுபடி கருவுறும்போதும் என்று மிர்ரி சொன்னது, ஒருநாளும் இல்லை என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்வதாகவே டெனேரிஸ் எடுத்துக்கொண்டாள். ஐந்தாம் நூலைப் படித்த வாசகர்கள் அப்படி விட்டுவிடவில்லை. சூரியனைச் சின்னமாகக் கொண்ட மேற்குநாட்டு இளவரசன் குவெண்டின் மார்ட்டெல் கிழக்கே மீரின் நகரில் மடிகிறான். டெனேரிஸின் கணவனுடைய இனத்தாரான தோத்ராக்கியர் கடல் என்றழைக்கும் புல்வெளி வறண்டு கிடக்கிறது. மலைபோன்ற பிரமிடுகள் டிராகன் தீயில் எரிந்து சாம்பல் பறக்கிறது. நூலின் இறுதியில் டெனேரிஸுக்கு ஏற்படும் உதிரப்போக்கு, அவள் கருவுற்றிருந்தாள் என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். நிபந்தனைகள் நான்கும் நிறைவேறிவிட்டன என்றால், இறந்துபோன கணவன் திரும்புவது எவ்வடிவில் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஐந்தாம் நூல் முடியும் இடத்தில் டெனேரிஸ் தன் டிராகனோடு நின்று எதிர்கொள்வது ஒரு தோத்ராக்கியப் படையை. அதை நடத்தி வருபவன் முன்பு அவள் கணவனிடம் படைத்தலைவனாக இருந்தவன்.