போடிமெட்டில் கரையும் டீசல்

விடிவதற்கு முன் போடிமெட்டு மலைப்பாதையில் நின்றால், லாரி கண்ணில் படும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். இறங்கி வரும் வண்டியின் பிரேக் டிரம் சூடேறிக் கருகும் வாடை அது. எதிரே ஏறும் வண்டி சின்ன கியரில் முனகிக்கொண்டே வளைவைச் சுற்றுகிறது. தார்ப்பாய்க்குக் கீழே தக்காளி, கத்தரி, முருங்கை. இடுக்கிப் பக்கத்துக் கடைகள் திறப்பதற்குள் லோடு இறங்கியாக வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லை வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம்.

இந்த ஏற்றத்துக்கு என்ன விலை? வண்டியும் சரக்கும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடையை 1,000 மீட்டர் தூக்க 27 யூனிட் ஆற்றல் வேண்டும். டீசலில் இருக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவும் புகையாகவும் போய்விடுவதால், தூக்குவதற்கு மட்டுமே ஏழெட்டு லிட்டர் எரிகிறது. அதிலிருந்து சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சாலையின் உராய்வும் காற்றின் தடையும் தனிக்கணக்கு. இறங்கும்போதாவது அந்த ஆற்றல் திரும்பக் கிடைக்கிறதா என்றால், இல்லை. இறங்கும் எடையின் ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகி, மூக்கைத் துளைத்த அந்த வாடையோடு காற்றில் கலந்துவிடுகிறது.

இதே மலையில் ஒரு காலத்தில் சரக்கு வேறு விதமாக இறங்கியது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை, மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதை ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் ஏறி, காட்டுக்கு மேலே தொங்கியபடி தமிழகப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. 1924 ஜூலைப் பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மேல்நிலையம் என்ற பொருளில் டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது. கம்பிவட ஊர்தியில் ஓர் இயற்பியல் அழகு உண்டு: இறங்கும் பெட்டியின் எடை வடத்தை இழுக்கும், அந்த இழுவை மறுபக்கம் ஏறும் சுமைக்குக் கைகொடுக்கும். லாரி பிரேக்கில் எரித்துவிடுவதை அது வேலைக்குப் பயன்படுத்துகிறது.

மின்சார லாரி செய்வதும் ஏறக்குறைய அதுதான். இறக்கத்தில் அதன் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்புகிறது. சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு அருகே ஒரு கல்குவாரியில் 45 டன் எடையுள்ள மின்சார டம்பர் வெறுமையாக மேலேறி, 65 டன் கல்லோடு கீழிறங்குகிறது. இறங்கும்போது சேரும் மின்சாரமே அடுத்த ஏற்றத்துக்குப் போதும். மூணாறின் தேயிலையும் கீழ்நோக்கி வரும் சரக்குதான். 10 டன்னாக இறங்கி 5 டன்னாக ஏறும் மின்சார லாரி, ஏற்றத்துக்கான மின்சாரத்தில் பெரும்பகுதியை இறக்கத்திலேயே சம்பாதித்துவிடும். காய்கறி லாரிக்குக் கணக்கு தலைகீழ். நிறைந்து ஏறுகிறது, காலியாக இறங்குகிறது. ஆகவே காயை இறக்கிய அதே வண்டி, தேயிலையோ ஏலக்காயோ ஏற்றிக்கொண்டு இறங்குவதில்தான் லாபம் இருக்கிறது. அவசர லோடுக்கு இதற்குப் பொறுமை இருப்பதில்லை. மறுநாள் லோடுக்கு நேரமாகிறது என்று வண்டி வெறுமையாகவே திரும்பி ஓடிவிடுகிறது. வேகத்தைவிட இந்த வெற்று ஓட்டமே பெரிய வீண் என்று சொல்லத் தோன்றுகிறது.

பாலக்காட்டுப் பக்கம் மலையே வழிவிட்டு நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. ஏற்றம் பெரிதாக இல்லாததால் 1862லேயே அதன் வழியே ரயில் வந்துவிட்டது. ஆனாலும் அங்குள்ள மாநில எல்லையான வாளையாரில் டீசல் வேறு விதமாகக் கரைந்தது. வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, ஒரு கிலோமீட்டர்கூடப் பயனில்லாமல் எண்ணெய் எரிந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச்சாவடியின் வேலை முடிந்தது. சுற்றுச்சூழலை நினைத்துச் செய்த மாற்றம் அல்ல அது. ஆனாலும் புகை குறைந்தது.

பாலக்காட்டு வழியே ரயில் இருக்கும்போது காய்கறி ஏன் அதில் போகக் கூடாது? இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்குத் தார்ச்சாலை டயரின் உராய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். லாரியையே ரயிலில் ஏற்றும் வழியும் உண்டு. கொங்கண் ரயில்வே 1999 முதல் கோலாடுக்கும் கோவாவின் வெர்ணாவுக்கும் இடையே அதைச் செய்கிறது. 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது உயிர் காக்கும் ஆக்சிஜன் டேங்கர்களும் அதே பாணியில் தட்டை வேகன்களில் ஏறி ஊர் ஊராகப் போயின. அதைவிட அவசரமான சரக்கு எது?

காய்கறிக்குத் தடை, அது காத்திருக்காது என்பதுதான். பறித்த பின்பும் காய் சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகிறது, அதற்கேற்ப ஆயுள் சுருங்குகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் பகல் வெயிலில் சாக்கில் கிடக்கும் காய்க்கு லாரியை விட்டால் வேறு கதியில்லை. வேகம் தேவைப்படுவது சூட்டினால்தான். சூட்டைக் குறைத்தால் அவசரமும் குறையும்.

அதற்குப் பெரிய குளிர்கிடங்குதான் வேண்டும் என்பதில்லை. டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் மின்சாரமே இல்லாத ஒரு குளிர்தொட்டியை வடிவமைத்தது. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவே மூன்று அங்குல இடைவெளி, அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் மணலை நனைத்து, மேலே சாக்கோ வைக்கோல் தட்டியோ மூடினால் போதும். கடுங்கோடையில் உள்ளே வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சூட்சுமம்.

இது காய்ந்த காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். இடுக்கியின் மழைமாதத்தில், காற்றே ஈரமாக இருக்கும்போது மணலிலிருந்து நீர் ஆவியாகாது, தொட்டி பெயருக்குத்தான் குளிரும். ஆனால் காய் கிளம்புவது மலையின் மறுபக்கத்திலிருந்து: போடி, கம்பம், ஒட்டன்சத்திரம், உடுமலை. எல்லாமே மழைமறைவுப் பூமி, அனல் வீசும் வறண்ட காற்று. காலையில் பறித்த கத்தரியைத் தோட்டத்து ஓரத்துச் செங்கல் தொட்டியில் இறக்கி, மணலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால், அது மாலை வரை வாடாமல் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் காயும் வந்து லாரி நிறையும்வரை காத்திருக்கவும் செய்யும்.